எட்டு நாள் வழியில் ஒரு சிநேகிதி

பர்மா பஜாரில் பேரம் பேசாத குடும்பம் சென்னையில் உண்டா? பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலை ஓரமாக வரிசையாக இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு கடைகளில் ஒரு ஸென்டுப் புட்டியோ, கைக்கடிகாரமோ, பேரனுக்கு ஒரு விளையாட்டுச் சாமானோ நீங்களும் வாங்கியிருப்பீர்கள். கால் வலிக்கிறது என்று செகண்ட் லைன் பீச் பக்கம் ஒதுங்கி, ஒரு தட்டு அத்தோவும் சாப்பிட்டிருப்பீர்கள். மஞ்சள் நூடுல்ஸில் கோஸும், வறுத்த வெங்காயமும், புளித் தண்ணீரும், மிளகாய்த் தூளும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்களே, அதுதான். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பு ஒரு கிண்ணம். வீட்டுக்கு வந்து "வெளியில் ஒன்றும் சாப்பிடவில்லை" என்று மாமியாரிடம் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பீர்கள். அது உங்கள் சொந்த விஷயம். நாம் அதில் தலையிட வேண்டாம்.

பஜாரின் பெயரில் இருக்கும் பர்மா எப்படி வந்தது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

1969-ல் அந்தக் கடைகள் முளைத்தது, பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கிய தமிழர்கள் பிழைக்க ஒரு வழி வேண்டுமே என்பதற்காகத்தான். 1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நீ வின் பர்மாவில் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பெரிய மில்லும் மொத்த வியாபாரமும் மட்டுமல்ல, தெருமுனை மளிகைக் கடைக்கும் அதே கதிதான். இரண்டு மாதம் கழித்து ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் போன பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள்? கப்பலேறினார்கள். அடுத்த சில வருஷங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

அந்தத் தலைமுறைப் பெண்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கப்பலைப் பற்றி, கடலைப் பற்றி, கொண்டுவந்த சாமான்களைப் பற்றி எதுவும் முதலில் சொல்ல மாட்டார்கள். ரங்கூன் துறைமுகத்தில் நகையைக் கழற்றிக் கொடுத்ததைத்தான் சொல்வார்கள். எத்தனை சவரன், யார் போட்டது, எந்தக் கல்யாணத்தில் என்று கணக்கு இன்னும் மனப்பாடம்.

வந்தவர்களைத் தமிழ்நாடு முழுவதும் பிரித்துக் குடியேற்றினார்கள். வட சென்னையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பு உண்டாயிற்று. இன்னொன்று, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் எர்ணாவூரில். அதற்கு இன்றைக்கும் பர்மா நகர் என்றே பெயர். ஒரு பக்கம் கடல், நடுவில் ரயில் பாதை, சுற்றிலும் தொழிற்சாலைகள். எண்ணூரில் லாரி செய்தார்கள்; திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் தீப்பெட்டியும் செய்தார்கள். பர்மாவில் கடை முதலாளியாக இருந்தவர் இங்கே மூட்டை தூக்கினார். அவர் சம்சாரம் இட்லிக் கடை போட்டாள். பிள்ளைகள் எப்படியோ படித்து, ஏதோ ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டார்கள்.

எல்லோரும் அப்படி ஒட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த சமாசாரம்.

வந்தவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தமிழ்நாட்டை அவர்கள் அதற்கு முன் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. தாத்தா ஊர் ராமநாதபுரம் ஜில்லாவிலோ, தஞ்சாவூர் ஜில்லாவிலோ ஏதோ ஒரு கிராமம் என்று காதால் கேட்டதோடு சரி. இங்கே வந்து முகாமில் சில மாதம் இருந்து பார்த்தார்கள். வேலை இல்லை. வெயில் தாங்கவில்லை. "தாய் நாடு" என்றார்கள், ஆனால் தாயின் முகம் பழக்கமில்லை! நாம் பாட்டுக்கு நடந்தே திரும்பிப் போய்விடுவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ரயிலேறி அஸ்ஸாம் பக்கம் போய், அங்கிருந்து மணிப்பூர் மலைகளைத் தாண்டி, எல்லையில் உள்ள தமு என்ற ஊர் வழியாகப் பர்மாவுக்குள் நுழைந்துவிடலாம் என்பது உத்தேசம்.

அசட்டு யோசனை என்று நினைக்காதீர்கள். அந்த வழி அவர்களுக்குப் புதிதல்ல. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் கால்நடையாகவே வந்தார்கள். காலராவிலும், பசியிலும், மழையிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். தப்பி வந்தவர்களில் ஏராளமானோர் தமு வழியாகத்தான் இம்பாலுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா நடந்த பாதையை மகன் எதிர்த் திசையில் நடக்கப் பார்த்தான், அவ்வளவுதான்.

ஆனால் எல்லையில் பர்மா ராணுவம் அவர்களை உள்ளே விடவில்லை. திரும்பிச் சென்னைக்குப் போகவோ கையில் காசில்லை, மனசும் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் மோரே என்று ஒரு சின்னக் கிராமம். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். இட்லி சுட்டார்கள், கடை வைத்தார்கள், கோயில் கட்டினார்கள். ஸ்ரீ அங்காளபரமேஸ்வரி ஸ்ரீ முனீஸ்வரர் கோயிலின் கோபுரம் இன்றைக்கு எல்லைக்குப் பக்கத்திலேயே வண்ணமயமாக நிற்கிறது. தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. ஒரு காலத்தில் பல ஆயிரம் தமிழர்கள் இருந்த அந்த ஊரில் இன்றும் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குக்கி, நேபாளி, பஞ்சாபி என்று பல ஜனங்களுக்கு நடுவே, "தமிழ்க் கடை எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தை கூடக் கை காட்டும் என்கிறார்கள்.

இனி அந்த இரண்டு சிநேகிதிகளின் கதைக்கு வருவோம்.

பெயர் போட வேண்டாம் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். ஆகையால் ஒருவரை எர்ணாவூர் அம்மாள் என்றும், மற்றவரை மோரே அம்மாள் என்றும் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. ரங்கூனில் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். 1965-ல் ஒரே கப்பலில் சென்னைக்கு வந்தார்கள். அப்போது இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது. முகாமிலும் அடுத்தடுத்த இடம். ஒரே பாயில் படுத்து, பர்மியப் பாஷையில் ரகசியம் பேசுவார்களாம். பெரியவர்களுக்கும் பர்மியம் தெரியுமே, அப்புறம் என்ன ரகசியம் என்று கேட்டேன். "எங்களுக்கு ரகசியம்தானே?" என்றார் அம்மாள்.

சில மாதம் கழித்து, ஒரு நாள் விடியற்காலை மோரே அம்மாளின் குடும்பம் கிளம்பிவிட்டது. பர்மாவுக்கே திரும்புகிறோம் என்றார்கள். ரயில் சத்தத்துக்குப் பணம் போதவில்லை. அந்தப் பெண்ணின் தாய், அரக்கு வேலைப்பாடு செய்த ஒரு வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, பதினைந்து ரூபாய் கேட்டாள். பகான் என்ற ஊரில் மூங்கில் பட்டையால் பின்னி, மேலே அரக்குப் பூசி, கோடு கோடாகச் சித்திரம் கீறிச் செய்வார்களே, அந்த மாதிரிப் பெட்டி. தங்கம் இல்லாததால் துறைமுகத்தில் தப்பிய சாமான் அது. எர்ணாவூர் அம்மாளின் தாயும் பெட்டியை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த ரூபாயைக் கொடுத்துவிட்டாள்.

"அந்தப் பெட்டியைப் பார்க்கிறப்போ எல்லாம் எங்க அம்மா முகம் சுண்டிப் போயிடும். பதினைஞ்சு ரூபாய்க்கு அவங்ககிட்டே ஈடு வாங்கினேனேன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதிலே ஒரு நாள் கூட வெத்தலை வைக்கலை."

கையில் இருந்த கடைசிப் பணத்தைக் கொடுத்தவள் ஒரு சாமானை வாங்கி வைத்துக்கொண்டதில் குற்றம் என்ன? ஒன்றுமில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் அகதிக்கு அகதி ஈடு வாங்கியது அந்தத் தாயின் மனசை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் குறை மகளுக்கும் தொற்றிக்கொண்டது.

பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. சிநேகிதி பர்மாவில் இருக்கிறாள், கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு சௌக்கியமாக இருப்பாள் என்று எர்ணாவூர் அம்மாள் நினைத்துக்கொண்டிருந்தார். கடிதம் போட விலாசம் கிடையாது. கடைசியில் செய்தி வந்த வழியைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கல்யாணத் தரகர்தான்! மோரேத் தமிழர்களில் பலர் பெண்ணும் மாப்பிள்ளையும் தமிழ்நாட்டில்தான் தேடுகிறார்கள். அப்படி ஒரு ஜாதகம் பர்மா நகருக்கு வந்தது. அது பொருந்தவில்லை. ஆனால் பையனின் பாட்டி யார், எந்தத் தெரு என்று பேச்சு வாக்கில் விசாரித்தபோது குட்டு வெளிப்பட்டது. ஜாதகம் பொருந்தாவிட்டால் என்ன, டெலிபோன் நம்பர் கிடைத்துவிட்டதே!

முதல் தடவை போனில் பேசியபோது இருவரும் அழுததைத் தவிர ஒன்றும் பேசவில்லையாம். இரண்டாவது தடவை, "நே கவுங் லா?" என்று ஆரம்பித்தாளாம் சிநேகிதி. சௌக்கியமா என்று அர்த்தம்.

2018 ஆகஸ்டில் மோரே – தமு எல்லை வாசலைப் பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ள பிரயாணிகளுக்கும் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அம்மாளின் மகன் கன்டெய்னர் லாரி டிரைவர். கல்கத்தா ரோடு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ரயில்லே போனா நடுவிலே ஒண்ணும் பார்க்க முடியாதும்மா. ரோட்டிலேயே போயிடலாம்" என்றார். 2019 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, மகன், மருமகள், அம்மாள் மூன்று பேரும் ஒரு பழைய வண்டியில் கிளம்பினார்கள். மடியில் ஒரு துணிப் பை. பையில் அந்த வெற்றிலைப் பெட்டி.

எர்ணாவூரிலிருந்து மோரேக்குச் சாலை வழியாக மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. எட்டு நாள் பிடித்தது. கும்மிடிப்பூண்டி, நெல்லூர், விஜயவாடா என்று கல்கத்தா வரைக்கும் ராஜபாட்டை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புளியோதரை மூன்று நாளைக்கு வந்தது. எலுமிச்சை ஊறுகாயும் இட்லி மிளகாய்ப் பொடியும் கடைசி வரைக்கும் வந்தன. பிரயாணம் போகிற சகோதரிகள் கவனிக்கவும்: பொடிக்கு எண்ணெயைத் தனியாக எடுத்துப் போவதுதான் நல்லது என்கிறார் மருமகள். முன்கூட்டியே குழைத்து வைத்தால் குலுங்கிக் குலுங்கிப் பையெல்லாம் எண்ணெயாகிவிடுகிறதாம்.

விசாகப்பட்டினத்தில் ஒரு விஷயம். வழி கேட்க வண்டியை நிறுத்தியபோது, யாரோ "பர்மா கேம்ப்" என்று ஒரு இடத்தின் பெயரைச் சொன்னார்கள். அம்மாள் திடுக்கிட்டுப் போனார். அந்த ஊரிலும் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் இறங்கிக் குடியேறினார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அப்புறம் நாகாலாந்தில் திமாப்பூர் போய்ச் சேர்ந்தால், அங்கேயும் ஒரு பர்மா கேம்ப்! "கிளம்பின இடமும் பர்மா, வழியெல்லாம் பர்மா. ஆனா பர்மா மட்டும் இன்னும் வரலையே!" என்றாராம் வண்டியில். மகன் அந்தச் சமயம் சிரிக்கிற நிலையில் இல்லை. ஏனென்றால் திமாப்பூரிலிருந்து கொஹிமா வழியாக இம்பாலுக்குப் போகிற அந்த இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் ரோடு அவருடைய லாரி அனுபவத்தையெல்லாம் தின்றுவிட்டது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பாதாளம், நடுவில் பாதி நாள் சேறு. அந்தத் தூரத்துக்கு முழுசாக ஒரு பகல் ஆயிற்று.

இம்பாலிலிருந்து மோரேக்கு இன்னும் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர். பாலெல் வரைக்கும் வயல்வெளி. பச்சைப் பசேலென்று தஞ்சாவூர் ஜில்லாவைத் தூக்கிக்கொண்டு போய் மலைகளுக்கு நடுவே வைத்தது போல இருந்ததாம். அங்கிருந்து மலையேற்றம். தெங்னௌபால் உச்சியில் பகல் பன்னிரண்டு மணிக்கே பல் கிட்டிப் போகிற குளிர். இடையிடையே சிப்பாய்கள் வண்டியை நிறுத்திச் சாமான்களைப் பிரித்துப் பார்த்தார்கள். வெற்றிலைப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். காலிப் பெட்டியை இவ்வளவு பத்திரமாகக் கட்டிக்கொண்டு வருகிற கிழவியை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, "போங்கள் அம்மா" என்று விட்டுவிட்டார்கள். மலையிறங்கி லொக்சாவ் என்ற ஆற்றின் பாலத்தைத் தாண்டினார்கள். அந்த ஆற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பத்து நாலு வருஷம் கழித்துச் சந்திக்கிறவர்கள் எப்படிச் சந்திப்பார்கள்? சினிமாவில் என்றால் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள். இங்கே, வாசலில் நின்ற நாலைந்து கிழவிகளில் யார் தன் சிநேகிதி என்று அம்மாளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது, கன்னத்தில் தனாக்கா பூசியிருந்த ஒரு கிழவி முன்னால் வந்தாள். தனாக்கா என்பது பர்மியப் பெண்கள் ஒரு மரப்பட்டையைச் சந்தனம் போலக் கல்லில் இழைத்துப் பூசிக்கொள்வது. வந்தவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏண்டி, இவ்வளவு நரைச்சுப் போச்சே உனக்கு!"

"உனக்கு மட்டும் என்ன, கறுகறுன்னா இருக்கு?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டார்கள்.

சாப்பாடெல்லாம் முடிந்தபின் எர்ணாவூர் அம்மாள் துணிப் பையைப் பிரித்தார். பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். எட்டு நாளாக வண்டியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன: அம்மா தப்பாக நினைத்து வாங்கவில்லை, அதை நினைத்து நினைத்தே வருந்தினாள், அவளை மன்னித்துவிடு என்று.

மோரே அம்மாள் பெட்டியை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! எங்கே வாங்கினே?"

அவளுக்கு நினைவே இல்லை! பெட்டியும் நினைவில்லை, பதினைந்து ரூபாயும் நினைவில்லை. தன் அம்மா வெற்றிலை போட்டதாகவே ஞாபகம் இல்லை, ஒரு வேளை அப்பாயியுடையதாக இருக்கும் என்றாள். எர்ணாவூரில் ஒரு வீட்டில் அரை நூற்றாண்டு காலம் ஒரு தாயையும் மகளையும் உறுத்திக்கொண்டிருந்த அந்தச் சாமான், இங்கே யாருக்கும் காணாமல் போகவே இல்லை. அம்மாளுக்கு அந்த நிமிஷம் நிம்மதியாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "கோபம் வந்துச்சு" என்றார்.

"அது கிடக்கட்டும்டி. உன் செருப்பைத் தொலைச்சுட்டேனே, அதுக்கு நீ என்னைத் திட்டவே இல்லையே!" என்றாள் மோரே அம்மாள்.

இப்போது விழிப்பது எர்ணாவூர் அம்மாளின் முறை. எந்தச் செருப்பு?

முகாமிலிருந்து கிளம்பிய அன்று விடியற்காலை, இவர் தன் காலில் இருந்த பர்மாச் செருப்பைக் கழற்றிச் சிநேகிதிக்குப் போட்டு அனுப்பினாராம். "நீ நடக்கணுமே" என்றாராம். இம்பாலுக்கு அப்பால் மலைமேல் நடந்ததெல்லாம் அந்தச் செருப்போடுதான். மோரேக்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஓர் ஆற்றைக் கடக்கும்போது ஒற்றைச் செருப்பு தண்ணீரோடு போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாளாம். அந்த ஆறுதான் லொக்சாவ். "ஒத்தைச் செருப்பை ரொம்ப நாள் வெச்சிருந்தேன். அப்புறம் எலி கடிச்சுப் போச்சு" என்றாள்.

எர்ணாவூர் அம்மாளுக்குச் செருப்பு கொடுத்தது சத்தியமாக நினைவில் இல்லை. ஒருத்தி வாங்கியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியும் வாங்கியதை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் என்னிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டு கிழவிகளும் ராத்திரி முழுக்கச் சண்டை, செருப்பு கொடுத்தே, கொடுக்கலைன்னு. நாங்க தூங்கினாத்தானே!" என்றார்.

மோரேயில் பத்து நாள் இருந்தார்கள். அந்த வீட்டில் காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார், சாயங்காலம் அத்தோ. பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் மணிப்பூரி, கடையில் பர்மியம், டெலிவிஷன் முன்னால் ஹிந்தி. எர்ணாவூர் அம்மாள் அவர்கள் பேசிய தமிழைக் கேட்டு அசந்து போனார். ரங்கூனில் தன் பாட்டி பேசிய அதே தமிழாம்! சென்னையில் இருந்து இருந்து தன் பேச்சு மாறிப்போய்விட்டது, இவர்களுடையது மாறவில்லை.

ஒரு நாள் காலையில் எல்லை வாசலில் ஒரு நாள் சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டு சிநேகிதிகளும் அந்தப் பக்கம் போனார்கள். வாசலைத் தாண்டினால் உடனே நாம்பலோங் என்ற பஜார். கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அங்கே அது பர்மா நேரம். 1965-க்குப் பிறகு எர்ணாவூர் அம்மாள் பர்மா மண்ணில் கால் வைத்தது அன்றைக்குத்தான். என்ன செய்தீர்கள் என்று ஆவலோடு கேட்டேன். மொகிங்கா சாப்பிட்டார்களாம். பிளாஸ்டிக் வாளி இரண்டு வாங்கினார்களாம், விலை மலிவு என்று. ரங்கூன் அங்கிருந்து இன்னும் எவ்வளவோ தூரம். "அவ்வளவுதானா?" என்றேன். "சாயங்காலம் நாலு மணிக்குள்ளே திரும்பணுமேம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பெட்டி விஷயம் மறுபடி எழுந்தது. மோரே அம்மாள் அதை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். "என் சாமான் ஒண்ணு உன் வீட்டிலே இருக்கட்டும். அதை எடுத்துக்கிற சாக்கிலே நான் ஒரு தடவை அங்கே வருவேனில்லே?" என்றாள். ஆனால் கடன் கடன்தான் என்று பதினைந்து ரூபாயை எண்ணிக் கையில் வைத்தாள். வட்டிக்காக ஒரு தனாக்காக் கட்டையும், இழைக்கிற கல்லும். வழியனுப்ப லொக்சாவ் பாலம் வரைக்கும் வண்டியிலேயே வந்தாள். இருவரும் இறங்கி நின்று எட்டிப் பார்த்தார்கள். மாசி பிறக்கிற சமயம். கணுக்கால் தண்ணீர் கூட இல்லை. "இதிலேயாடி செருப்பு போச்சு?" என்றார் எர்ணாவூர் அம்மாள். "அப்போ மழைக் காலம்!" என்று சிநேகிதி கோபித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சிநேகிதி சென்னைக்கு வருவதாக ஏற்பாடு. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை வாசலை மூடினார்கள். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி பர்மாவில் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே 3-ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் மூண்டது. மோரேயில் வீடுகள் எரிந்தன. யாருடைய சண்டையிலும் சேராத தமிழர் வீடுகள் சிலவும் அந்தத் தீயில் போயின.

அந்த நாட்களில் எர்ணாவூர் அம்மாள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. இரண்டு நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சிநேகிதியே கூப்பிட்டாள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு தெரு தள்ளி எரிந்தது, நாங்கள் கோயிலில் இருந்தோம் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பெட்டியை உன்கிட்டேயே விட்டது நல்லதாப் போச்சு" என்றாளாம்.

இங்கே வந்துவிடேன் என்று அம்மாள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். "ஒரு தடவை நடந்தாச்சு, இரண்டு தடவை நடந்தாச்சு. மூணாவது தடவை எல்லாம் என்னாலே ஆகாது" என்பதுதான் பதில். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பதினாறு கிலோமீட்டர் வரை இஷ்டம் போல் போய் வந்த பழைய ஏற்பாட்டையும் 2024-ல் மாற்றிவிட்டார்கள். பத்துக் கிலோமீட்டர், அதுவும் சீட்டோடு என்று ஆகிவிட்டது. நாம் மணிப்பூருக்குள் நுழைவதற்கும் 2020 ஜனவரி முதல் அனுமதிச் சீட்டு வேண்டும். போக நினைப்பவர்கள் நிலவரத்தை நன்றாக விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஆனால் குடியேற மாட்டேன் என்றவள், கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. எர்ணாவூர்ப் பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேதி நிச்சயமானால் இம்பாலிலிருந்து விமானத்திலேயே ஏறி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள் மோரே அம்மாள். மகன் சீட்டு எடுத்துக் கொடுக்கிறாராம். முதலில் துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமாம். இறங்கிய இடம் ஞாபகம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். உனக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டாளாம்.

"செருப்பு" என்று சொல்லிவிட்டார் எர்ணாவூர் அம்மாள். ஆறாம் நம்பர்.